தண்ணி குடிச்சிட்டுப் பேசுங்க

அந்த வருஷம் மாசி முடிவதற்குள்ளேயே வெயில் ஏறிவிட்டது. பாலாற்று மணலைத் தொட்டு வரும் காற்று, தோல் பதனிடும் ஷாப்புகளின் வாடையையும் கூட்டிக்கொண்டுதான் காலனிக்குள் நுழையும். வெளியூர்க்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். ஆம்பூரைச் சுற்றிப் பிறந்தவர்களுக்கு அப்படி ஒரு வாடை இருப்பதே, கல்யாணம் காட்சி என்று வேறு ஊருக்குப் போய்த் திரும்பும்போதுதான் தெரியும்.

மீனாம்பாள் அன்றைக்கு இருட்டோடு எழுந்துவிட்டாள். பக்கவாதத்தில் படுத்திருந்த மாமியாரைப் புரட்டி, முதுகை வெந்நீரில் துடைத்து, பவுடர் போட்டு, கஞ்சி புகட்டினாள். முன்னறையில் கிடந்த சாக்கு மூட்டையைச் சுவரோரம் தள்ளிவிட்டுப் பெருக்கினாள். மூட்டையில் இருந்தவை ஷூவின் மேல்பாகங்கள். அப்பர் என்பார்கள். ஏஜெண்டு சம்பத்து பைக்கில் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போவான். முன்தோலையும் பக்கத்தோலையும் சேர்த்து, மெழுகு நூலை இரண்டு ஊசியில் கோத்து, சுருக்கம் ஒரே மாதிரி விழும்படி கையால் இழுத்துத் தைக்க வேண்டும். நூல் விரலை அறுக்காமலிருக்கச் சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றிக்கொள்வார்கள். அந்தத் தெருவில் வீட்டுக்கு ஒரு பெண்ணாவது அதைச் செய்தாள்.

பெருக்கி முடித்ததும் வேர்க்கடலையைக் கழுவி, உப்புப் போட்டு அடுப்பில் ஏற்றினாள். பக்கத்து வீட்டு ஜோதி தலைக்குத் துண்டு கட்டியபடி எட்டிப் பார்த்தாள்.

"இன்னாக்கா, காலங்காத்தால கல்லக்கா வேவுது? நேத்து கம்பெனி ஹுமேரா மேடம் இன்னா சொல்லிச்சி? ஒண்ணும் செய்யாதீங்க, ஒண்ணுமே வேணாம்னு ரெண்டு வாட்டி சொல்லிட்டுப் போச்சே."

"ஒண்ணும் வேணாம்னா வுட்ருவியா? பொண்ணு பாக்க வர்றவங்ககூடத்தான் ஒண்ணும் வேணாம்னு போன் பண்றாங்க. கேசரி கிண்டாம இருந்திருக்கமா?"

"அதுவும் சரிதான். தொரசானி கல்லக்கா துண்ணுமா?"

"துண்ணாட்டி போவுது. நீ துண்ணுவ இல்ல?"

ஜோதி சிரித்துக்கொண்டே போய்விட்டாள். மீனாம்பாளுக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆம்பூர் ஷூ கம்பெனிக்கு ஜெர்மனியிலிருந்து புதிதாக ஓர் ஆர்டர் வருவதாகப் பேச்சு. பெரிய ஆர்டர். ஆனால் அந்த ஜெர்மன் கம்பெனிக்காரர்களுக்கு வீட்டில் வைத்துத் தைக்கிற வேலை என்றாலே சந்தேகம். சின்னப் பிள்ளைகளைத் தைக்கவிடுகிறார்களா, மிரட்டி வேலை வாங்குகிறார்களா என்று நேரில் பார்க்க ஓர் அம்மாவை அனுப்புகிறார்கள். அந்த அம்மா பார்த்துவிட்டுச் சரி என்றால் மூட்டை வீட்டுக்கு வரும். சரியில்லை என்றால் தையல் மொத்தமும் கம்பெனிக்குள் போய்விடும். அப்புறம் விடியும் முன்பே மெயின்ரோட்டுக்கு வரும் வேனில் ஏறிப் போய், விளக்கு வைத்த பிறகு திரும்ப வேண்டும்.

ஜோதி போவாள். மற்றவர்களும் போவார்கள். மீனாம்பாளால் போக முடியாது. மாமியாரை அப்படியே ஒரு பக்கமாய்ப் போட்டுவிட்டுப் போனால் சாயங்காலத்துக்குள் முதுகு புண்ணாகிவிடும். வேன் இல்லையென்றால் அவளுக்கு மிச்சமிருப்பது ஊருக்குள் பெரிய வீட்டுக் கழனிதான். அங்கே நடுவில் ஓடிவந்து மாமியாரைப் பார்த்துவிட்டுப் போகலாம். கழனிக்குப் போவதை நினைத்தபோதே அவளுக்கு உள்ளங்கை கூசியது.

கூசுவதற்குக் காரணம் பாண்டியன்.

அவள் புருஷன் பாண்டியன் சின்னப் பையனாக அந்தப் பெரிய வீட்டில் மாடு மேய்த்தவன். தாகம் என்று நின்றால் உயர இருந்து சொம்பைச் சாய்ப்பார்கள். கையைக் குவித்துக் குடிக்க வேண்டும். பாதி நீர் முழங்கை வழியாக ஓடிவிடும். பெரியவனாகித் தோல் ஷாப்பில் தோலைச் சுழற்றி ஊறவைக்கும் டிரம் வேலைக்குச் சேர்ந்ததும் அவன் முதலில் வாங்கியது அரை டஜன் எவர்சில்வர் டம்ளர். வீட்டு வாசலில் யார் வந்து நின்றாலும், கரண்ட் மீட்டர் பார்க்க வந்தவரோ குழு லோன் வசூலிக்க வந்தவரோ, முதலில் டம்ளரை நீட்டிவிட்டு, "தண்ணி குடிச்சிட்டுப் பேசுங்க சார்" என்பான். குடித்தவர்களோடு பேசுவான். ஒருமுறை ஓட்டுக் கேட்க வந்த ஒருவர் டம்ளரை உதட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்விட்டு, "இப்பதான் குடிச்சேம்ப்பா" என்று கீழே வைத்தார். பாண்டியன் சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. அவர் கூப்பிடக் கூப்பிட, ரசத்தைப் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டே இருந்தான். ஏஜெண்டு சம்பத்து மட்டும் வந்த முதல் நாளே ஒரு டம்ளர் குடித்துவிட்டு, இன்னொன்று கேட்டான். அப்படித்தான் மூட்டை அந்த வீட்டுக்குள் வந்தது.

விடியற்காலை ஷிப்டுக்குப் போன பாண்டியன் ஹைவேயைத் தாண்டும்போது அடிபட்டுப் போய் இரண்டு வருஷம் ஆகிறது. அவன் போனாலும் அந்தப் பழக்கம் வீட்டைவிட்டுப் போகவில்லை. போர்த் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு என்பதால் குடிநீரைக் கேனில் வாங்கிப் பானையில் ஊற்றி வைத்திருப்பாள். அன்றைக்குப் புதுக் கேன் உடைத்தாள்.

கார் வந்தபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. முன்னால் சுஹேல் அகமது இறங்கினார். கம்பெனியின் எக்ஸ்போர்ட் மேனேஜர். வேர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பின்னால் ஹுமேரா. கம்பெனியில் இந்த மாதிரிச் சோதனைகளைப் பார்த்துக்கொள்ளும் பெண். ஆம்பூர்க்காரி, தமிழ், உருது, இங்கிலீஷ் மூன்றும் பேசுவாள். அவளுக்கும் பின்னால் அந்த அம்மா. பெயர் கத்ரின் என்று ஹுமேரா சொன்னாள். மீனாம்பாள் வயசுதான் இருக்கும். பருத்திக் குர்தா, தோளில் பை, பையின் பக்கத்தில் ஒரு தண்ணீர் பாட்டில்.

தெருப் பெண்கள் ஏழெட்டுப் பேர் முன்னறையில் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளேயிருந்து மாமியார் குரல் கொடுத்தாள்.

"யாருடி வந்தது?"

"கம்பெனில இருந்து அத்தே. நீ தூங்கு."

மீனாம்பாள் தட்டில் டம்ளர்களை வைத்துக் கொண்டுவந்தாள். முதலில் ஹுமேராவிடம் நீட்டினாள்.

"நோன்புக்கா."

"அய்யோ, மறந்தே பூட்டேன் பாரு. சாருக்கும் நோன்புதான். பாண்டியன் இருந்தா என்னைய திட்டியிருப்பாரு." ரம்ஜான் மாசம் பூராவும் பாண்டியன் ஷிப்டு முடிந்து வரும்போது தூக்குச் சட்டியில் நோன்புக் கஞ்சி வாங்கிவருவான். அது அவளுக்கு நினைவு வந்தது.

பிறகு கத்ரினிடம் நீட்டினாள். கத்ரின் சிரித்தாள். நல்ல சிரிப்புத்தான். ஒரு கையை நெஞ்சில் வைத்து, இன்னொரு கையை டம்ளருக்கு முன்னால் தடுப்பதுபோல் காட்டித் தலையை ஆட்டினாள். பக்கத்திலிருந்த கடலைத் தட்டையும் அப்படியே மெதுவாகத் தள்ளிவைத்தாள். தள்ளிவைத்துவிட்டு, தன் பையிலிருந்த பாட்டிலை எடுத்துத் திறந்து இரண்டு மிடறு குடித்தாள்.

ஜோதி மீனாம்பாளின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தாள். மீனாம்பாள் தட்டைக் கொண்டுபோய்ப் பானைப் பக்கத்தில் வைத்தாள். டம்ளரில் தண்ணீர் ததும்பிக்கொண்டிருந்தது. அவள் திரும்பி வந்து உட்கார்ந்து, பாதியில் நின்ற அப்பரை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

கத்ரின் கேட்கக் கேட்க ஹுமேரா தமிழில் சொன்னாள்.

"வீட்ல சின்னப் பசங்க யாராவது தைக்கிறாங்களான்னு கேக்கறாங்க."

"இல்ல."

"ஒரு நாளைக்கு எவ்ளோ நேரம் தைப்பீங்க?"

"தைப்பேன்."

"வேலை வேணாம்னா வேணாம்னு சொல்ல முடியுமா உங்களால?"

மீனாம்பாள் ஊசியை இழுத்தாள்.

"அக்கா?"

"முடியும்."

மற்ற பெண்களும் அப்படித்தான். மீனாம்பாள் பேசாத இடத்தில் தாங்கள் மட்டும் எப்படிப் பேசுவது என்பதுபோல், ஜோதிகூட, அந்த வாயாடி, "ம்", "ஆமா" என்று நிறுத்திக்கொண்டாள். கத்ரின் ஒருமுறை மீனாம்பாளைப் பார்ப்பாள், ஒருமுறை சுஹேலைப் பார்ப்பாள். முகத்தில் இருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விட்டது. கடைசியில் கையிலிருந்த பேனாவை மூடிவிட்டு ஹுமேராவிடம் இங்கிலீஷில் ஏதோ தணிந்த குரலில் சொன்னாள். அதைக் கேட்டதும் சுஹேலின் முகம் செத்துவிட்டது.

"இன்னாக்கா இது? போன வாட்டி நான் வந்தப்ப ஊர்க் கதையெல்லாம் பேசினீங்க. இப்ப ஏன் இப்படி பேஜார் பண்றீங்க?" என்றார் சுஹேல்.

"அக்கா, நான் சொல்றத கேளுங்க." ஹுமேரா குனிந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "நீங்க யாரும் பேசல, மூஞ்சியகூட பாக்கல. அவங்க ஊர்ல ஒருத்தரு கண்ண பாக்காம இருந்தா பயத்துல இருக்காங்கன்னு அர்த்தம். கம்பெனி உங்களல்லாம் மெரட்டி, சொல்லிக்குடுத்து உக்கார வச்சிருக்குதுன்னு நெனைக்கிறாங்க. அப்படியே எழுதிட்டாங்கன்னா எல்லாம் போச்சி."

"மெரட்றதா? எங்களயா?" ஜோதிக்கு வாய் திறந்துவிட்டது. "யக்கா, பேசித் தொலையேன். வேனு ஏற முடியாது உன்னால. தெரியுமில்ல?"

மீனாம்பாளுக்குத் தெரியும். உள்ளே மாமியார் இருமுவது கேட்டது. அப்பரை மடியிலிருந்து இறக்கி வைத்தாள். அப்போதும் கத்ரினைப் பார்க்காமல், ஹுமேராவைப் பார்த்துத்தான் பேசினாள்.

"பயம்லாம் ஒண்ணுமில்லைன்னு சொல்லு மேடம். எங்க வூட்டு தண்ணிய கையால தொடாத ஆளுகிட்ட நான் இன்னா பேசறது? எங்க வூட்ல அப்படி பேசற வழக்கமில்ல. அவ்ளோதான்."

கத்ரின் ஹுமேராவிடம் திரும்பினாள். என்ன சொன்னாள் என்று கேட்கிறாள் என்பது பாஷை தெரியாதவர்களுக்கும் புரிந்தது.

சுஹேல் முந்திக்கொண்டார். "அரே, வோ நக்கோ போலோ ஹுமேரா. தபியத் டீக் நை போல்கே போலோ."

அதைச் சொல்லாதே, உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடு என்கிறார். ஆம்பூரில் பிறந்து இந்த உருதுகூடவா புரியாது? முன்னறையில் இருந்த எல்லாருக்கும் புரிந்தது. எல்லாரும் ஹுமேராவையே பார்த்தார்கள்.

ஹுமேரா துப்பட்டாவின் நுனியால் நெற்றியைத் துடைத்தாள். காலையிலிருந்து வெயிலில் அலைந்து, எச்சில்கூட விழுங்காமல் உதடு வெடித்திருந்தது. சுஹேல் அவளுக்கு மேலதிகாரி. அவர் கையெழுத்துப் போட்டால்தான் அவளுக்கு வேலை. பிறகு அவள் கத்ரின் பக்கம் திரும்பிப் பேச ஆரம்பித்தாள். நிறையப் பேசினாள். அந்த இங்கிலீஷில் மீனாம்பாளுக்குப் புரிந்தது 'வாட்டர்' என்ற ஒரு சொல்தான். நடுவில் ஹுமேரா தன் இரண்டு கையையும் குவித்து வாய்க்குக் கீழே வைத்துக் காட்டினாள். பெரிய வீட்டு வாசலில் பாண்டியன் நின்ற மாதிரியே.

கத்ரினின் கழுத்திலிருந்து சிவப்பு ஏறியது. காது, கன்னம் எல்லாம் ரத்தமாகிவிட்டது. அவள் பானைப் பக்கத்தில் இருந்த டம்ளரைப் பார்த்தாள். எழுந்துபோய் எடுத்துவிடுவாள் என்றுதான் மீனாம்பாள் நினைத்தாள். எழவில்லை. இரண்டு கைகளையும் மடிமேல் கோத்துக்கொண்டு, ஹுமேராவிடம் நிதானமாகச் சொன்னாள்.

"இன்னா சொல்லுது?" என்றாள் ஜோதி.

ஹுமேரா யோசித்தாள். "எப்படி சொல்றதுன்னு தெரியல... அக்கா, இப்ப நான் ஏன் தண்ணி குடிக்கல?"

"நோன்பு."

"நீங்க கோவிச்சுக்கினீங்களா?"

"அதுக்கெப்படி கோவிப்பாங்க?"

"இவங்களுக்கும் ஒரு மாதிரி நோன்புதான் இது. யாரப் பத்தி எழுதப் போறாங்களோ அவங்க வீட்ல பச்சத் தண்ணிகூட வாங்கக் கூடாது. டீ வாங்கிக் குடிச்சிட்டு நல்லா எழுதினவங்க, பிரியாணி சாப்ட்டு பொய் எழுதினவங்கல்லாம் இருக்காங்க. அதனால அவங்க கம்பெனில கட்டுப்பாடு. எழுதி முடிக்கற வரைக்கும் யார் வீட்லயும் கை நனைக்க மாட்டாங்க. நேத்து எங்க முதலாளி வீட்ல இஃப்தாருக்கு கூப்ட்டாங்க. அங்கயும் ஒரு பேரீச்சம்பழம்கூட தொடல."

"பாய் வூட்லயுமா?" மீனாம்பாள் முதல் தடவையாகத் தலையை நிமிர்த்தினாள்.

"சத்தியமா. சாரையே கேளுங்க."

சுஹேல் கதவோரம் நின்று, "ஆமாக்கா. முதலாளி எங்க மாமுதான், ராத்திரி பூரா தூங்கல," என்றார். அவர் முகத்தைப் பார்த்து ஜோதி சிரித்துவிட்டாள்.

"நேத்தே அவங்களுக்காக 'ஒண்ணும் செய்யாதீங்க'ன்னு சொன்னேனே அக்கா," என்றாள் ஹுமேரா.

"அத யாரு நெசம்னு எடுத்துப்பாங்க? நீ இதச் சொல்லியிருக்கணும்."

"தப்புதான்."

மீனாம்பாள் கத்ரினை நேராகப் பார்த்தாள். கத்ரினும் பார்த்தாள். கண் சாம்பல் நிறம். வெயிலில் அலைந்து இமை வீங்கியிருந்தது.

"சரி, கேளு மேடம். அப்ப இவங்க நோன்பு எப்ப தொறப்பாங்களாம்?"

ஹுமேரா அதைச் சொன்னதும் கத்ரின் சிரித்தாள். முதலில் சிரித்த சிரிப்பு மாதிரி இல்லை இது. எழுதி அனுப்பிய பிறகு என்றாள். பிறகு சுஹேலைக் கொஞ்ச நேரம் வெளியே இருக்கும்படி கேட்டுக்கொண்டாள். அவர் தயங்கித் தயங்கிக் காரடிக்குப் போனார். பேனா மறுபடியும் திறந்தது.

இந்தத் தடவை மீனாம்பாள் பேசினாள். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லி நிறுத்துகிறவள் இல்லை அவள். பிள்ளைகள் யாரும் தைப்பதில்லை, தைக்கவும் வராது, ஊசி விரலில் இறங்கிவிடும். வேலை வேண்டாம் என்று சொல்லலாம், சொன்னால் சம்பத்து மூஞ்சியைத் தூக்கிக்கொள்வான், அவ்வளவுதான். ஆனால் சாயங்காலம் மூட்டையைப் போட்டுவிட்டு விடிந்ததும் வேண்டும் என்கிறார்களே, அது அநியாயம். குண்டு பல்பு வெளிச்சத்தில் கறுப்புத் தோலில் கறுப்பு நூல் எங்கே தெரிகிறது? ஓட்டை சரியாகப் போடாமல் அனுப்பிவிட்டு, தையல் கோணல் என்று திருப்பி அடிக்கிறார்கள். பிரித்துத் திரும்பத் தைக்கிற வேலைக்குக் கூலி கிடையாது. யாரைக் கேட்பது? கம்பெனியைக் கேட்டால் சம்பத்து என்கிறது, சம்பத்தைக் கேட்டால் கம்பெனி என்கிறான்.

சொல்லச் சொல்ல ஜோதி அவள் தொடையைக் கிள்ளினாள். "போதும்க்கா. எல்லாத்தையும் கொட்டிட்ட. இத எழுதிக்கினு போனா வேலைய எவன் குடுப்பான்?"

"கேக்கறாங்க, சொல்றேன். பொய் சொல்றதுன்னா தண்ணியே குடுத்திருக்க வேணாமே." மீனாம்பாள் ஹுமேராவைப் பார்த்தாள். "கடைசியா ஒண்ணு சொல்லு மேடம். எங்க அத்தைய காட்டு. நான் வேன்ல போவ முடியாது. இவ்ளோ குறை சொன்னேன்னு வேலைய நிறுத்திறாதீங்கன்னு சொல்லு. கொறைய சரி பண்ணுங்க. வேலை இருக்கட்டும்."

கத்ரின் உள்ளே போய் மாமியாரைப் பார்த்தாள். மாமியார் அவளை மேலும் கீழும் பார்த்து, "இன்னாடி இவ்ளோ வெளுப்பு, ரத்தமே இல்லியா?" என்றாள். அதை மட்டும் ஹுமேரா மொழிபெயர்க்கவில்லை.

கார் போன பிறகு தெரு முழுக்க அதே பேச்சு. கெட்டுப் போயிற்று என்றார்கள் பாதிப் பேர். வேனில் இடம் கிடைக்குமா என்று ஒருத்தி அப்போதே சம்பத்துக்குப் போன் போட்டாள். கடலை அப்படியே இருந்தது. சாயங்காலம் ஜோதி வந்து ஒன்றும் பேசாமல் உரித்துத் தின்றுகொண்டிருந்தாள். மீனாம்பாள் மிச்சமிருந்த அப்பர்களைத் தைத்துக்கொண்டிருந்தாள். மூட்டையின் அடி தெரிந்தது. பெரிய வீட்டுக் கழனியில் களை எடுக்க எப்போது ஆள் கூப்பிடுவார்கள் என்று கணக்குப் போட்டுப் பார்த்தாள். போட்டுக்கொண்டிருக்கும்போதே கையிலிருந்த ஊசி நின்றுவிட்டது.

மறுநாள் போய் அதற்கடுத்த நாள் காலையில், வாசல் தெளித்துக்கொண்டிருந்தபோது அதே கார் வந்து நின்றது. சுஹேல் இல்லை, ஹுமேரா இல்லை. டிரைவர் மட்டும் இறங்கினான்.

"யக்கா, இந்தம்மாவ வேலூர் ஓட்டல்ல இருந்து பெங்களூர் ஏர்போர்ட்டுக்கு இட்டுக்கினு போறேன். ஹைவேல போய்க்கினே இருந்தவங்க, திருப்பு திருப்புன்னுட்டாங்க. வேலைய முடிச்சிட்டாங்களாம். நேத்து ராத்திரியே எழுதி அனுப்பிட்டாங்களாம். உன்கிட்ட தண்ணி கேக்கறாங்க."

கத்ரின் வாசலில் நின்றாள். கையில் பை இல்லை, பாட்டில் இல்லை.

மீனாம்பாள் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு உள்ளே ஓடினாள். பாண்டியன் வாங்கிய டம்ளர்களில் ஒன்றை எடுத்து, பானையிலிருந்து மொண்டு, இரண்டு கையாலும் நீட்டினாள். கத்ரின் இரண்டு கையாலும் வாங்கினாள். இந்தப் பக்கத்து ஆட்கள் மாதிரி அண்ணாந்து ஊற்றிக்கொள்ளத் தெரியவில்லை. டம்ளரில் வாயை வைத்து, நிறுத்தி நிறுத்தி, கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தாள். பெரிய வீட்டு டம்ளர் எதையும் பாண்டியனின் உதடு தொட்டதில்லை. மீனாம்பாள் அந்த உதட்டையும் டம்ளரின் விளிம்பையும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஜோதி சத்தம் கேட்டு ஓடிவந்துவிட்டாள். மீனாம்பாளின் காதோரம் வந்து குசுகுசுத்தாள்.

"கேளுக்கா. இன்னா எழுதினேன்னு கேளு. டிரைவர் அண்ணன் கேட்டு சொல்லுவாரு. வேலை இருக்குதா இல்லியான்னு ஒரு வார்த்தை."

"வேணாம்."

"லூசா நீ? ராத்திரியெல்லாம் தூங்காம புரண்டியே, எனக்குத் தெரியாதா? வாசல்ல வந்து நிக்குது. கேக்கறதுக்கு இன்னா?"

"இப்ப கேட்டேன்னா, அந்தம்மா குடிச்ச தண்ணி வேற இன்னாவோ ஆயிடும். வுடு."

ஜோதி தலையில் அடித்துக்கொண்டாள். மூட்டை பிறகு வரத்தான் செய்தது. சாயங்காலம் போட்டு விடியலில் கேட்கக் கூடாது என்ற கட்டுப்பாட்டோடு வந்தது, பிரித்துத் தைப்பதற்கும் கூலியோடு வந்தது. சம்பத்து மூன்று மாசம் மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு திரிந்தான். ஆனால் அதெல்லாம் அந்தக் காலையில் மீனாம்பாளுக்குத் தெரியாது. சுவரோரம் சாக்கு காலியாக மடிந்து கிடந்தது.

கத்ரின் காலி டம்ளரைக் கொடுத்துவிட்டு, காரடிக்குப் போய்த் திரும்பிக் கையை ஆட்டினாள். டயர் கிளப்பிய புழுதி அடங்கும் வரைக்கும் மீனாம்பாள் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

உள்ளேயிருந்து மாமியார் கூப்பிட்டாள்.

"யாருடி வந்தது, கார் சத்தம் கேட்டுச்சே?"

"தண்ணி குடிக்க வந்தாங்க அத்தே."

"குடிச்சாங்களா?"

"குடிச்சாங்க."

"அப்ப சரி," என்றாள் மாமியார். "வந்து என்னைய அந்தப் பக்கமா திருப்பு."